பட்டுவாடா நிற்கட்டும்!

குரல் மாறியிருந்தது!

"ஹலோ... யாரு பேசறது?"

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

தப்பான நம்பரா? வாய்ப்பே இல்லை. நம்பரை அழுத்துவது அவள் வேலை இல்லை. திரையில் பார்ட்னர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். அதைத் தட்டினால் எதிர்முனையில் மணி அடிக்கும். நம்பர் அவள் கண்ணுக்கே தெரியாது. எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கும் அந்தக் கம்பெனி, ஊழியர்களைச் சந்தேகப்படுவதில் மட்டும் தாராளம்.

"சார்... கமிஷன் பிரிவிலேருந்து பேசறேன். உங்க பேங்க் அக்கவுண்ட்டை மாத்தச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கு. நீங்கதானான்னு சரிபார்க்கணும்."

"நான்தான். கேளுங்க."

கரகரப்பான குரல். மூச்சு வாங்கும் குரல்.

கேட்டாள். பிறந்த தேதி... அம்மா பெயர்... முதலில் படித்த பள்ளிக்கூடம்... டக்கு டக்கென்று பதில் வந்தது. எல்லாமே சரி!

சரியாக இருந்ததுதான் அவளுக்கு இடித்தது.

"சார்... சுவரைப் பத்திக் கேக்கலையா?"

"எந்தச் சுவர்?"

"இல்ல... வழக்கமா கேப்பீங்களே..."

"என்னம்மா உளர்றீங்க? இன்னைக்குப் பணம் வருமா வராதா? முதல்ல அதைச் சொல்லுங்க!"

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம். கூடவே... ஒரு முனகல்!

லைன் கட்டாகிவிட்டது.



அந்தப் பார்ட்னருக்கு அவள் வைத்திருந்த செல்லப் பெயர் கூடாரம். மலையேறுகிறவர்களுக்காக இணையத்தில் எழுதுகிறவர். எந்தக் கூடாரம் மழைக்குத் தாங்கும், எந்தப் பை முதுகை உடைக்காது என்று பக்கம் பக்கமாக எழுதி, அடியில் ஒரு லிங்க் கொடுத்திருப்பார். அதைத் தட்டி யாராவது பொருள் வாங்கினால் கடைக்காரர் கமிஷன் தரவேண்டும். இப்படி எழுதிப் பிழைக்கும் பார்ட்னர்கள் அந்தக் கம்பெனியில் பல ஆயிரம் பேர்.

கடைகளிடம் வாங்கி, பார்ட்னர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் பிரிவு. பிரிவு என்றால் அவள் மட்டும்தான். எந்தக் கடைக்கு இன்வாய்ஸ் என்றைக்குப் போகவேண்டும், அந்தக் கடையிலிருந்து பணம் எந்த நாளில் பட்டுவாடா அக்கவுண்ட்டுக்கு வந்து விழவேண்டும் என்று தேதி குறிப்பது அவள். அக்கவுண்ட் நிரம்பினால் அத்தனை பேருக்கும் கமிஷன் ஒரே மூச்சில் கிளம்பும். ஒரு ரூபாய் குறைந்தாலும் யாருக்கும் கிளம்பாது.

ஊருக்கெல்லாம் பட்டுவாடா செய்கிறவளுக்கு, வீட்டில் பேச ஓர் ஆள் கிடையாது. கணவன் வேறொரு பெண்ணோடு வேறொரு நாட்டுக்குப் போய்விட்டான். அண்ணன் என்று ஒருவன் உண்டு. கைமாற்று தேவைப்படும்போது மட்டும் தங்கை ஞாபகம் வரும் ஜாதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை காலை வரை அவள் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இருக்காது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரல் இருக்கிறதா என்று பார்க்க, குளியலறையில் சும்மா ஒருமுறை இருமிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு மாதம் ஒருநாள் விடியும். கூடாரம் அக்கவுண்ட்டை மாற்றும் நாள்!

பார்ட்னர் அக்கவுண்ட்டை மாற்றினால், கூப்பிட்டுப் பேசி, ஆள் சரிதானா என்று பார்த்த பிறகே பணம் போகவேண்டும். அது விதி. கூடாரமோ மாதா மாதம் மாற்றினார்.

"ஏன் சார் இப்படி மாத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"மாத்தலைன்னா நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார் அவர்.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே இல்லை.

அவள் மேஜைக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுத்த கட்டடத்தின் சுவர். வானம் கிடையாது, ஈரம் பூத்த சுவர் மட்டும்தான். அதைப் போகிறபோக்கில் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.

"சுவர்ல இன்னைக்கு என்ன படம்?"

ஈரக்கறையைப் பார்த்து யானை என்பாள், படகு என்பாள், மேனேஜரின் மூக்கு என்பாள். எதிர்முனையில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை வைத்து ஒரு மாதம் ஓட்டிவிடுவாள்.

அந்த மனிதர் சுவரை மறப்பாரா?

அவரை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்! அடித்துக் கேட்டால் அம்மா பெயரைக்கூட எவனும் சொல்லிவிடுவான். சுவரைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாற்காலியைத் தள்ளிவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"சார்! கூடாரத்தைக் கடத்திட்டாங்க!"

மேனேஜர் நிமிர்ந்தார். "கூடாரத்தையா? அதை எதுக்கு மேடம் கடத்தறாங்க? மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனாப் போதுமே!"

"பார்ட்னர் சார்! ஆளு!"

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"எல்லாக் கேள்விக்கும் பதில் சரியா வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா குரல்..."

"தொண்டை கட்டியிருக்கும். பேமெண்ட்டை அனுப்புங்க."

"சார், பின்னால யாரோ முனகறாங்க. எதையோ இழுக்கறாங்க!"

"அவ்வளவு பயமா இருந்தா அவரோடதை மட்டும் நிறுத்தி வைங்க."

"நிறுத்தினா அந்த நிமிஷமே அவருக்கு மெயில் போயிடும் சார். 'உங்கள் பணம் சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்டது'ன்னு. அது தானா போறது, என்னால தடுக்க முடியாது. அதை யார் படிப்பான்? அவர் கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு நிக்கறவன்!"

"அப்போ அனுப்பிடுங்க."

"கைக்குப் பணம் வந்துட்டா, அவரை உயிரோட விட்டுவெச்சு அவனுக்கு என்ன லாபம்?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம்... லீவு எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

"சார்!"

"மூணு மணிக்குப் பட்டுவாடா கிளம்பணும். போங்க."

போனாள்.

பணம் போகவும் கூடாது, நிற்கவும் கூடாது. வழியில் இருக்கிறது என்று அந்தக் கொலைகாரன் நம்பிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு நிலை உண்டா?

உண்டு!

பட்டுவாடா அக்கவுண்ட்டில் பணம் குறைந்தால் எல்லாப் பார்ட்னர்களின் திரையிலும் ஒரே வரிதான் வரும். 'பணம் அனுப்பும் பணி நடைபெறுகிறது.' மெயில் வராது. காரணம் சொல்லாது. பணம் நிரம்பும் வரை அந்த வரி அப்படியே நிற்கும்.

பட்டியலில் பெரிய கடை ஒன்று இருந்தது. அந்த மாதப் பணத்தில் பாதி அந்தக் கடையுடையது. இன்வாய்ஸ் ஏற்கெனவே போய்விட்டது. மதியம் பணம் தானாக வந்து விழும்படி அவள்தான் தேதி குறித்திருந்தாள்.

'இன்று' என்ற இடத்தில் அம்புக்குறியை வைத்தாள்.

ஓர் ஆளுக்காகப் பல ஆயிரம் பேர் வயிற்றில் அடிக்கலாமா? வீட்டு வாடகைக்குக் காத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டியவர்கள் இருப்பார்கள். விஷயம் தெரிந்தால் வேலை போவது நிச்சயம். இந்த வேலையும் போனால் ஹெட்போனும் போகும், பச்சைப் பொத்தானும் போகும், மிச்சம் இருக்கப்போவது குளியலறை இருமல்தான்.

'நாளை' என்று மாற்றினாள்.

பிறகு போலீஸுக்குப் போன் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். சொல்லுங்க." கண்டிப்பான பெண் குரல்.

சொன்னாள்.

"கடத்தப்பட்டவர் உங்களுக்கு என்ன வேணும்?"



"தெரிஞ்சவர் மேடம்."

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"போட்டோ?"

"இல்ல மேடம். ஆனா அவர் மூச்சு விடறதைக் கேட்டாலே எனக்குத் தெரியும்!"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "விலாசம் இருக்கா?"

அது பதிவில் இருந்தது. படித்துக் காட்டினாள்.

"நாங்க போய்ப் பார்க்கறோம். அதுவரைக்கும் பணம் போகாம பார்த்துக்குவீங்களா?"

"என் உசிரு போனாலும் போகாது."

மூன்று மணி ஆயிற்று.

திரை முழுக்க மஞ்சள் நிறத்தில் ஒரே வரி ஓடியது. நடைபெறுகிறது... நடைபெறுகிறது... நடைபெறுகிறது...

போன்கள் அலற ஆரம்பித்தன!

"மேடம், நான் சமையல் பாத்திரம் பத்தி எழுதறவன். வீட்டுக்காரர் வாசல்ல நிக்கறார். பணம் எப்ப வரும்?"

"வழியில இருக்கு சார்."

"எந்த வழியில? நடந்து வருதா?"

அடுத்த போன்.

"குழந்தைங்க பொம்மை பத்தி எழுதறேன்க்கா. இதை நம்பித்தான் செக் கொடுத்திருக்கேன். பவுன்ஸ் ஆயிடுமே!"

"மன்னிச்சுக்கோம்மா... நாளைக்கு வந்துடும்."

அந்தப் பெண்ணிடம் என்ன காரணத்தைச் சொல்வாள்?

கதவு படாரென்று திறந்தது. மேனேஜர்!

"பெரிய கடைப் பணம் ஏன் வரல? தேதியை யார் மாத்தினது?"

"நான்தான்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? முதலாளி லைன்ல கத்திக்கிட்டிருக்கார்! உடனே பழைய தேதிக்கு மாத்துங்க!"

"மாத்த மாட்டேன்."

"வேலை போயிடும்!"

"போகட்டும் சார். ஒரு மனுஷன் செத்துடுவான்!"

"உங்க ஐடியை முடக்கிட்டு நானே மாத்தறேன்!"

"மாத்துங்க. பாஸ்வேர்ட் மறந்துபோய் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டீங்களே, அது வந்துடுச்சா?"

மேனேஜர் போனை எடுத்து ஹெல்ப் டெஸ்க்கின் நம்பரை அழுத்தினார்.

அப்போது அவளுடைய மொபைல் அடித்தது. இன்ஸ்பெக்டர்!

"மேடம்! உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"கடவுளே..." அவள் நாற்காலியில் சரிந்தாள். "கட்டிப்போட்டிருந்தாங்களா? அடி பலமா?"

"அம்மா, நிதானமாக் கேளுங்க. இங்க யாரும் யாரையும் கட்டிப்போடல. வீட்டுல ஒரே ஒரு ஆள்தான். வாக்கரைத் தரையில இழுத்து இழுத்து நடக்கறார். வலியில முனகறார்."

"அவன்தான்! கரகரக் குரல்தானே? அவனைப் பிடிங்க!"

"இவரைப் பிடிக்க முடியாது. இது இவர் வீடு."

"என்னது?"

"சுவர் பூரா மலையேறின போட்டோ, எல்லாத்துலயும் இவர் முகம். அடையாள அட்டை இருக்கு. அக்கம்பக்கத்துல அத்தனை பேரும் இவர்தான்னு சத்தியம் பண்றாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால மலையிலேருந்து விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரி, அப்புறம் வெளியூர்ல அக்கா வீடு. போன வாரம்தான் திரும்பியிருக்கார். இந்த ரெண்டு வருஷமா ஒரு பைசா கமிஷன்கூட வரலைன்னு உங்க கம்பெனி மேல கொலைவெறியில இருக்கார்."



"மேடம்... இவர்தான் கூடாரம்னா... என்கிட்ட பேசினது?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கறேன்."

மேனேஜர் அதற்குள் ஹெல்ப் டெஸ்க்கைப் பிடித்திருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்.

"நிஜம்தான் மேடம். நேத்து அந்த ஆள் அடையாள அட்டையோட வீடியோவுல வந்திருக்கார். ஹெல்ப் டெஸ்க் பாஸ்வேர்டையும் போன் நம்பரையும் மாத்திக் கொடுத்திருக்கு. அதனாலதான் உங்க பொத்தான் இன்னைக்கு அவருக்குப் போயிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே பார்ட்னர் பேர்ல அக்கவுண்ட், போன் நம்பர் ரெண்டையும் ஒரே விண்ணப்பத்துல மாத்தியிருக்காங்க. அப்போ பழைய நம்பருக்குத்தானே கூப்பிட்டு சரிபார்த்தீங்க?"



பழைய நம்பருக்குத்தான் முதலில் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் அந்த மனிதர் ஆபரேஷன் மேஜையில் கிடந்திருப்பார். பட்டுவாடா நாள், தலைக்கு மேல் வேலை. விண்ணப்பத்தில் இருந்த புது நம்பரைக் கூப்பிட்டாள். திருடன் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டு, "நீங்கதானா சார்?" என்று திருடனையே கேட்டாள். "நானேதான்" என்றான் அவன். ரொம்ப இனிமையாகச் சொன்னான்.

மாதா மாதம் அக்கவுண்ட் மாறியது அவள் குரலைக் கேட்கவா? மாட்டிக்கொள்ளாமல் இருக்க!

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இரண்டு வருடமாக அவளுக்குத் துணையாக ஒருவன் இருந்தான். இந்த நிமிடத்திலிருந்து இல்லை. அவன் செத்திருந்தால் அழலாம். இதற்கு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேஜை போன் அடித்தது.

எடுத்தாள்.

"நான்தான்."

அதே குரல்! சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்டு பேசும் குரல்!

"என்னை மறந்துட்டீங்களா? இந்த மாசம் கூப்பிடவே இல்ல. என் பக்கத்துக்குள்ளயும் நுழைய முடியல, பாஸ்வேர்ட் தப்புங்குது. அது கிடக்கட்டும்... சுவர்ல இன்னைக்கு என்ன படம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் தெரிந்த பிறகும் உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. வெட்கங்கெட்ட சந்தோஷம்!

மேஜை போனை ஸ்பீக்கரில் போட்டு, இன்ஸ்பெக்டர் இன்னும் லைனில் இருந்த மொபைலை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

'ஓடிடுங்க.' ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தப்பித்துவிடுவான். எங்கிருந்தாவது என்றைக்காவது கூப்பிடுவான். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"என்ன சத்தமே காணோம்?" என்றான் அவன்.

"ஒரு தடவை... நேர்ல வாங்களேன். சும்மா, ஒரு டீ குடிக்க."

"அட... நேர்ல பார்த்தா இந்த அழகே போயிடும். நாம குரலாவே இருந்துடலாம். அதுதான் நமக்கு நல்லது."

எவ்வளவு அழகாகச் சொன்னான்!

அவள் கண்ணைத் திறந்தாள்.

"சரி, விடுங்க. உங்க பணம் இங்க மாட்டிக்கிட்டு நிக்குது. அதுக்குத்தான் சொன்னேன். இன்னைக்கு நேர்ல வந்து ஒரு கையெழுத்து போட்டா நானே விட்டுடுவேன். இல்லைன்னா இந்த மாசத்தோடது மொத்தமும் கடைக்கே திரும்பிப் போயிடும்."

அவன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"எத்தனாவது மாடி?"

சொன்னாள். மேலே ஏறவேண்டாம், கீழ்த்தளத்து வரவேற்பிலேயே காத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இப்போதுதான் அழுகை வந்தது.

சாயங்காலம்.

கீழ்த்தளத்தின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தாள், சாதாரண உடையில். போனில் பேசியவளோ பக்கத்து சோபாவில், கையில் ஒரு பழைய பத்திரிகையோடு. அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை இன்ஸ்பெக்டர் கண்ணால் ஜாடை காட்டிய பிறகுதான் திருப்பினாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

இஸ்திரி போட்ட சட்டை. வழுக்கை. கொஞ்சம் தொப்பை. கையில், மூடி கழற்றிய பேனா.

சோபாவில் இருந்தவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியைக் கடப்பதுபோல் கடந்து நேராக வரவேற்பு மேஜைக்குப் போனான்.

"கமிஷன் பிரிவு மேடம் நீங்கதானே? கதவைத் திறந்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்! உங்க குரல் மாதிரியே நீங்களும்..."

இன்ஸ்பெக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என் குரலை நீங்க இன்னும் கேக்கவே இல்லையே சார். இப்ப கேளுங்க. உங்களைக் கைது பண்றேன்!"

பேனா தரையில் உருண்டது. தூணுக்குப் பின்னாலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் முளைத்தார்கள். அவன் கத்தினான், சட்டம் பேசினான், அப்புறம் கெஞ்சினான். எதிலும் அந்தப் பழைய இனிமை இல்லை. அவள் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாடிக்குப் போய், பெரிய கடையின் தேதியை மறுபடி 'இன்று' என்று மாற்றினாள். மஞ்சள் வரி பச்சையானது. பொம்மைக்காரப் பெண்ணுக்கும், பாத்திரக்காரருக்கும், வாக்கரோடு நடக்கும் அந்த நிஜ மனிதருக்கும் பணம் கிளம்பியது. மேனேஜர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நாளைக்கு முதலாளி உங்களைப் பார்க்கணும்னார்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கீழே ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. இன்ஸ்பெக்டர் அவள் தோளில் கை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷம் பேசியிருக்கீங்க. ஒரு தடவைகூடவா சந்தேகம் வரல?"

"வந்துச்சு மேடம். முதல் நாளே வந்துச்சு."

"என்னன்னு?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நான் பேசினதை ஒரு ஆம்பளை குறுக்கே பேசாம கால் மணி நேரம் கேட்டான் மேடம்... இது அசலா இருக்க வாய்ப்பே இல்லைன்னு அப்பவே தோணுச்சு!"